எதிர்ப்பக்கம் சுற்றிய நூல்

காஜா அக்காவை ஏமாற்றுவது லேசில்லை என்று அந்தக் கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். "புதுசு, இன்னும் யாரும் கை வைக்கல" என்று ஒருவர் பேன்ட்டை நீட்டினால், அதன் விளிம்பை ஒருமுறை மடக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சிருக்கு, ரெண்டாவது தடவை அவசரத்துல" என்பாள். வந்தவர் அசடு வழிவார். சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டைக்குத் தையற்கடையில் காஜா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாள் முழுக்க அதையே கட்டிக்கொண்டிருந்ததால் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. இருபத்தைந்து வருடமாகியும் உரிந்துவிழவில்லை.

கடை என்று சொல்வதே கொஞ்சம் மரியாதைக்காகத்தான். வணிக வளாகத்தின் படிக்கட்டுக்குக் கீழே சரிந்து இறங்குகிற இடம். உள்ளே போகப் போகக் குனிய வேண்டும். இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேசை, உடுத்திப் பார்க்க ஒரு திரை. முன்னால் இருக்கிற மெஷின் மாஸ்டருடையது. வழுக்கைத் தலையும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக உட்கார்ந்து உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். பின்னால் இருப்பது காஜா அக்காவுடையது. அவள் பேசமாட்டாள். துணியைப் பார்ப்பாள்.

மனிதர்களை முகத்தை வைத்து எடைபோடுவது அவளுக்கு வராது. முகம் சிரிக்கும், உள்ளே வேறு இருக்கும். தையல் அப்படி இல்லை. ஒரு கிழிசலை யார் தைத்தது, பொறுமைசாலியா, எரிச்சல்காரரா, தனியாகக் குடித்தனம் நடத்துகிற ஆணா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளுகிற அவசரத்தில் இருந்த அம்மாவா என்று நூலைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அநேகமாகச் சரியாகவே இருக்கும். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், மனுஷிக்கு ஏதாவது ஒன்றில் கர்வம் வேண்டாமா?

அந்தக் கர்வந்தான் அவளைப் படாத பாடு படுத்தியது.

ஒரு வியாழக்கிழமை காலையில் வீட்டில் கணவருடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி கொடுத்த வெளிர்நீலச் சட்டை ஐந்து. ஐந்திலும் உள்ள பட்டன்களெல்லாம் இவள் மறுபடி எடுத்துத் தைத்தவை. கம்பெனித் தையலை இவள் நம்புவதில்லை. நாலு ஓட்டையிலும் குறுக்காக ஊசி ஓட்டி, பட்டனைச் சற்றே தூக்கி, அதன் கழுத்தில் வலப்பக்கமாக ஐந்து சுற்று சுற்றி, அடியில் முடிச்சிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் அதே ஐந்துதான். அன்றைக்கு மூன்றாவது சட்டையில், மேலிருந்து மூன்றாவது பட்டனுக்கு வந்தபோது இஸ்திரிப் பெட்டி நின்றது. நூல் கிட்டத்தட்ட அதே நீலம். ஆனால் சுற்று எதிர்ப்பக்கம் ஓடியிருந்தது.

இது என் கை இல்லை, என்று நினைத்தாள். அடுத்த நிமிடமே, இது இடதுகைக்காரியின் கை, என்று நினைத்தாள். 'காரி' எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. வந்துவிட்டது.

அவரைக் கேட்டிருக்கலாம். பட்டன் விழுந்தது, ஆபீஸில் யாரோ தைத்துக் கொடுத்தார்கள் என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லையே. வீட்டில் பட்டனையே தொழிலாகக் கொண்ட ஒருத்தி இருக்கும்போது, வெளியில் பட்டன் தைத்துக்கொண்டு வந்து மூச்சு விடாமல் இருக்கிற மனிதரிடம் என்னவென்று கேட்பது? கேட்க வாயெடுத்தாள், மென்று விழுங்கினாள். அவர் போன பிறகு அந்தப் பட்டனைப் பிரித்தாள். வலப்பக்கமாக ஐந்து சுற்று சுற்றித் தன் கையால் தைத்து வைத்தாள். மனசு கொஞ்சம் அடங்கியது.

அடுத்த வியாழக்கிழமை வேறு சட்டை, வேறு பட்டன், அதே எதிர்ப்பக்கச் சுற்று.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இதே கடைக்குத்தான் அவர் முதலில் வந்தார். வேலை உடுப்பில் ஜிப் பழுதாகியிருந்தது. ஜிப்பின் இழுப்பான் விழுந்துவிட, மெல்லிய செப்புக் கம்பியால் ஒரு வளையம் பின்னி மாட்டியிருந்தார். அந்தப் பின்னலைப் பார்த்து அவள் சொக்கிப்போனாள். நெல்லுமணி அளவில் ஒரு முடிச்சு, கம்பியின் முனை எங்கே என்றே தெரியவில்லை. யார் செய்தது என்று கேட்டாள். நான்தான் என்றார். அவள் அவருடைய வலது கையை வெளிப்படையாகவே பார்த்தாள், வெட்கமில்லாமல். "இந்தக் கை தப்பு பண்ணாது" என்று சொன்னாள். ஜிப்பைப் பற்றித்தான் சொன்னாள். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் வீட்டாரை அழைத்துக்கொண்டு வந்து பெண் கேட்டார். மாஸ்டர் இன்றைக்கும் வாடிக்கையாளர்களிடம், ஜிப் மாற்ற வந்து வாழ்க்கையையே மாற்றிக்கொண்டு போன ஆள் என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கைக்காரர்தான் கொஞ்ச காலமாக மாறிப்போயிருந்தார். பட்டனைப் பார்த்த பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. காலங்காலமாக இடப்பக்கம் வகிடு எடுத்தவர் வலப்பக்கம் எடுக்க ஆரம்பித்திருந்தார். தினமும் மழமழவென்று சவரம் செய்கிறவர் தாடி விட்டிருந்தார். "அப்பா ஸ்டைலா ஆயிட்டார்மா" என்று பிளஸ் டூ படிக்கிற மகள்கூடச் சொன்னாள். சாப்பாட்டுக்கு ஸ்பூன் கேட்டார். கையால் பிசைந்து சாப்பிடுகிற மனிதருக்கு இந்த நாகரிகத்தை யார் சொல்லிக் கொடுத்தது? சாயங்காலம் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து டீ குடிப்பது கல்யாணமானது முதல் உள்ள பழக்கம். இப்போது அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று குடிக்கிறார். தெருவில் நடக்கும்போது இவளுடைய வலப்பக்கம் நடக்கிறார், முன்பெல்லாம் இடப்பக்கம். வலது கையைப் பேன்ட் பையில் விட்டால் எடுப்பதே இல்லை. அவள் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கச் செய்த அதே கை.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் என்ன விடை வரும்? யாருக்கும் ஒரே விடைதான் வரும். அவளுக்கும் அதுதான் வந்தது. ஆனால் கூட்டி முடித்த பிறகும் ஏதோ ஒன்று இடித்தது. புதிதாகக் காதலிக்கிற மனிதர் இப்படி முகம் வாடிப்போய் வருவாரா? சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். இவள் சமைத்ததைக் குறை சொல்வதில்லை. இவளை முறைப்பதில்லை. சில சமயம் இவள் தைத்துக்கொண்டிருப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஏதோ சொல்ல வந்து மறந்துபோனவர் மாதிரி. குற்ற உணர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை, இரக்கமாக இருக்கும் என்று நினைத்தாள். இரக்கம் என்றதும் அழுகை வந்தது. அன்றைக்குக் கடையில், உடுத்திப் பார்க்கிற திரைக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்தாள். மாஸ்டர் அதைப் பார்க்காதவர் மாதிரி விலைவாசியைப் பற்றிப் பேசினார்.

வீட்டு வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. சொல்லப்போனால் முன்னைவிட அதிகமாகச் செய்தாள். அவருடைய காலுறைகளைக்கூட இஸ்திரி போட்டாள், யாராவது காலுறைக்கு இஸ்திரி போடுவார்களா? வியாழக்கிழமைதோறும் சட்டையை விரித்துப் போட்டு அந்நிய நூலைத் தேடிப் பிடித்துப் பிரித்து, தன் நூலைச் சுற்றுவாள். சண்டை போடத் தெரியாதவளின் சண்டை அது. எதிரிக்குத் தெரியாமலேயே வாரம் ஒருமுறை ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த எதிரி யார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. இரண்டு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரில் உள்ள பெண்களின் கைகளையெல்லாம் பார்த்துத் திரிந்தாள். இடது கையால் எழுதுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதற்கு முன்னால் அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் ஒருத்தி, மகளுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர். மருந்துக்கடையில் ஒரு பெண் இடது கையால் பில் எழுதினாள். காஜா அக்கா அவள் கையையே முறைத்துக்கொண்டு நிற்க, "வேற ஏதாவது வேணுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஆன்ட்டி என்ற சொல் சுருக்கென்றது. வேண்டாத தலைவலித் தைலம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் அது நாலாவது தைலம்.

கடைசியில் அவருடைய ஆபீஸுக்கே போனாள். லிஃப்ட் நின்றுபோனால் ஜனங்கள் போன் செய்வார்களே, அந்தப் போனை எடுத்துக் குறித்துக்கொள்கிற பெண் ஒருத்தி அங்கே உண்டு. கணவர் அவளைப் பற்றி நாலைந்து முறை பேசியிருக்கிறார். அதனாலேயே அவள்மேல் சந்தேகம். அவர் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார் என்று ஒரு சாக்கு. போன வேளைக்கு அவர் இல்லை, எங்கோ ரிப்பேருக்குப் போயிருந்தார். அந்தப் பெண் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே எழுதினாள். வலது கையால். காஜா அக்காவுக்கு அப்பாடா என்று இருந்தது. உடனே, அப்படியென்றால் வேறு யார் என்று இருந்தது.

போனை வைத்த பெண் நல்ல மாதிரியாகப் பேசினாள். கண்ணாடியை வாங்கி மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்தாள். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தாள். "புதன்கிழமையானா மத்தியானமே அண்ணன் பர்மிஷன் போட்டுட்டுக் கெளம்பிடறாரே, வீட்ல ஏதாவது உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்" என்றாள்.

காஜா அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். புதன்கிழமை மத்தியானம் ஊருக்கு அந்தக் கோடியில் பெரிய கட்டடம் ஒன்றில் சர்வீஸ், அதனால் வர நேரமாகும் என்றுதான் அவர் வீட்டில் சொல்லியிருந்தார். "ஆமாம்மா, கொஞ்சம் உடம்பு சரியில்ல" என்று சமாளித்துவிட்டு வெளியே வந்தாள். யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் கேட்கவில்லை.

பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று இருபத்திரண்டு வருடமாக நம்பியிருந்தாள். அதுதான் அவளை இப்போது அதிகமாகப் பயமுறுத்தியது. நேரில் கேட்டு, அவர் தன் பழைய வழக்கப்படி உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டால்? 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. அதற்கப்புறம் இந்த வீடு, இந்த மேசை, இந்த ஐந்து சட்டை எல்லாம் என்ன ஆகும்? கேட்காதவரைக்கும் அவர் தன்னுடையவர். கேட்டுவிட்டால் எப்படியோ தெரியாது. அதனால் கேட்கவில்லை.

ஆனால் அந்த வாரம் பட்டனைப் பிரிக்காமல் சட்டையோடு கடைக்கு எடுத்துப் போனாள். வாடிக்கையாளர் ஒருவருடையது என்று மாஸ்டரிடம் காட்டி, இந்தக் கையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். மாஸ்டர் கண்ணாடியை மேலே தள்ளி, வெளிச்சத்தில் பிடித்து, பட்டனை ஆட்டிப் பார்த்தார்.

"இடதுகை" என்றார். "ஆனா தைக்கத் தெரிஞ்ச கை இல்லம்மா. இப்பதான் கத்துக்குது. நூலை இறுக்கத் தெரியல பாரு. ஒரே எடத்துல நாலு தடவை குத்தியிருக்கு. பாவம், விரல்லயும் குத்திக்கிட்டிருக்கும். இருந்தாலும் விடாம தைச்சிருக்கு."

அவள் சட்டையை வாங்கி மடித்தாள். கத்துக்கிற கை. அப்படியென்றால் சின்ன வயசு. தைக்கத் தெரியாத ஒரு சின்னப்பெண், விரலில் குத்திக்கொண்டு, விடாமல், அவருக்காகக் கற்றுக்கொள்கிறாள். தைக்கத் தெரிந்தவளாக இருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். தொழில் என்று விட்டிருப்பாள். தெரியாத ஒருத்தி ஆசையால் தைத்துக் கொடுப்பதை என்னவென்று பிரிப்பது? அன்றைக்கு முழுக்க அவள் தைத்த விளிம்புகளெல்லாம் கோணலாகப் போயின. மூன்றைப் பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு காரியம் செய்தாள். மறுநாள் அவர் போட்டுக்கொள்ளப்போகிற சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டனின் நூலை அடியில் பாதி அறுத்து வைத்தாள். மத்தியானத்துக்குள் அது விழுந்துவிடும். விழுந்த பட்டனை யார் தைக்கிறார்கள் என்று நேரிலேயே பார்த்துவிடுவது. கடையில் அரைநாள் லீவு கேட்டாள். எதற்கு என்று மாஸ்டர் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு அவர் தலையாட்டியது அதுதான் முதல்முறை.

புதன்கிழமை ஆபீஸ் வாசலுக்கு எதிரே, பழக்கடைக்குப் பக்கத்தில் நின்றாள். ஒன்றரை மணிக்கு அவர் வந்தார். பஸ் ஏறினார். அவளும் பின்வாசல் வழியாக ஏறினாள். கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும்போது, கட்டின புருஷனைத் திருடன் மாதிரிப் பின்தொடர்கிறோமே என்று தன்மீதே வெறுப்பு வந்தது. ஆறாவது நிறுத்தத்தில் அவர் இறங்கி, கீழே கண்ணாடிக்கடையும் மேலே கிளினிக்குகளுமாக இருந்த ஒரு நாலு மாடிக் கட்டடத்துக்குள் போனார். அங்கே லிஃப்ட் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்காமல் படியில் ஏறினார். லிஃப்டையே பிழைப்பாகக் கொண்ட மனிதர் படியேறிப் போவதைப் பார்த்தால் வேறொரு சமயம் சிரித்திருப்பாள். லிஃப்டில் போனால் தெரிந்தவர்கள் கண்ணில் படுவோம் என்று பயம்போல, என்று எண்ணிக்கொண்டாள்.

மூன்றாவது மாடியில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு நீள மேசை. அதைச் சுற்றி ஐந்தாறு பேர், பெரும்பாலும் வயதானவர்கள். ஒருவர் பூட்டில் சாவியை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள் மணிகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். மேசைக் கோடியில் அவர், பனியனோடு. சட்டை மடியில் கிடந்தது. இடது கையில் ஊசி. நுனிநாக்கைக் கடித்துக்கொண்டு பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

வலது கை மேசைமேல் கிடந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது. துணி இல்லாமல் ஓடுகிற மெஷின் மாதிரி, ஒரு வேலையும் இல்லாமல், நிற்காமல்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி, இவள் வயதுதான் இருக்கும், அவர் பின்னால் வந்து நின்று குனிந்து பார்த்தாள். ஏதோ சொன்னாள். அவர் நிமிர்ந்து, வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் காஜா அக்கா கேட்டு மாதக்கணக்கில் ஆகிறது. ஆடுகிற கையைப் பார்த்தபோது வராத கண்ணீர், அந்தச் சிரிப்பைக் கேட்டதும் வந்தது.

உள்ளே போகவில்லை. படியிறங்கி வந்து பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு பஸ்ஸை விட்டாள். வேறு பெண் இல்லை. முதலில் தோன்றியது அதுதான். உடம்பெல்லாம் லேசாகிப்போய், பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிடலாமா என்கிற அளவுக்குச் சந்தோஷம். சந்தோஷப்பட்டுக்கொண்டே அந்தக் கை நினைவுக்கு வந்தது. செப்புக் கம்பியை நெல்லுமணி அளவில் முடிந்த கை. ஐயோ, அவருக்கு வியாதி, நான் இங்கே உட்கார்ந்து சந்தோஷப்படுகிறேன். இப்படியும் ஒரு பெண்டாட்டி இருப்பாளா என்று வெட்கமாக இருந்தது. அதற்கும் பின்னாலேயே கோபம் வந்தது. அந்த அறையில் உள்ளவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. பூட்டுக்காரருக்குத் தெரியும், மணி போடுகிற அம்மாளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எதை முதலில் பிடித்துக்கொள்வது என்று விளங்காமல் மூன்றாவது பஸ்ஸில் ஏறினாள்.

ஆறு மணிக்கு அவர் வந்தார். டீ போட்டாள். அவருடைய டம்ளரைக் கையில் கொடுக்காமல் மேசைமேல், தனக்கு எதிரே வைத்தாள். அவர் அதை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் திரும்பினார்.

"இங்கயே குடிங்க" என்றாள்.

வெளியில் கொஞ்சம் காற்றாக இருக்கும் என்று அவர் ஏதோ முனகினார்.

"இங்கயே குடிங்க. எந்தக் கையில வேணும்னாலும் குடிங்க."

அவர் நின்றார். டம்ளரை மேசைமேல் வைத்தார். உட்கார்ந்தார்.  பிறகு பேன்ட் பையிலிருந்து வலது கையை எடுத்து, யாருடையதோ என்பது மாதிரி மேசைமேல் வைத்தார். டம்ளர் லேசாகக் கிடுகிடுத்தது.

எட்டு மாதமாகிறதாம். நரம்பு சம்பந்தப்பட்டது, மருந்தால் அதிகமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், ஒரேயடியாகப் போகாது என்று டாக்டர் சொன்னாராம். இடது கையை வேலைக்குப் பழக்கத்தான் புதன்கிழமைப் பயிற்சி. கத்தியைப் பிடிக்கப் பயந்து தாடி விட்டிருக்கிறார். இடது கையால் சீவினதில் வகிடு மாறியிருக்கிறது. சோற்றைப் பிசைந்தால் சிந்திவிடும் என்று ஸ்பூன். அவளுக்கு வலப்பக்கம் நடந்தது, ஆடுகிற கை அவள் மேல் படாமல் இருக்க. கம்பி முடுக்குகிற வேலையைக் கூட வருகிறவரிடம் விட்டுவிட்டு டார்ச் அடிக்கிறாராம். அவராகக் கேட்கவில்லை, இவராகச் சொல்லவில்லை. இதையெல்லாம் லிஃப்டில் என்ன பழுது என்று விளக்குகிற அதே குரலில் சொன்னார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ என்னைப் பாக்கறதுக்கு முன்னாடி இதைத்தான பாத்த. இந்தக் கை தப்பு பண்ணாதுன்னு சொன்ன. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் உன்ன வந்து கேட்டேன். இப்ப இத எப்படிக் கொண்டுவந்து உன் முன்னாடி வெக்கிறது?"

 இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜிப்பைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. அதை இந்த மனிதர் இப்படியா தூக்கிச் சுமந்துகொண்டு திரிவார்? "நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் கொட்டினாள். எதிர்ப்பக்கச் சுற்று, மருந்துக்கடைப் பெண், தலைவலித் தைலம், கண்ணாடிச் சாக்கு, பாதி அறுத்த பட்டன். வியாழக்கிழமைதோறும் பிரித்துத் தைத்தது மட்டும் அந்த வேகத்தில் விட்டுப்போயிற்று. அவர் முதலில் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் விழித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

"எனக்கு ஒரு சின்னப்பொண்ணா? இந்தத் தாடிக்கா?" என்று சிரித்தார். "அதான் இன்னிக்குப் பட்டன் தானா கையோட வந்துடுச்சா! வாரா வாரம் நானேதான் ஒண்ண அறுத்துக்கிட்டுப் போவேன்."

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை நாள் தான் பட்டது அவருக்குச் சிரிப்பாகவா இருக்கிறது? எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். அதற்குள் அவரே எழுந்து உள்ளே போய், மடித்து வைத்திருந்த இரண்டு நீலச் சட்டைகளை இடது கையில் எடுத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிவந்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

"இதப் பாரு. இது போன மாசம் தைச்சது, இது அதுக்கும் முன்னாடி. இழுத்துப் பாரு, அசையாது. தைக்கறப்ப என்னமோ கோணலா, தொளதொளன்னுதான் தெரியுது. ரெண்டு நாள் கழிச்சுப் போட்டுப் பாத்தா கெட்டியா நிக்குது. அந்தம்மாவே, நெஜமா நீங்க தைச்சதான்னு கேட்டாங்க. மருந்துகூட அப்புறந்தான். இதப் பாக்கறப்பதான் எனக்குத் தெம்பு. ஒரு கை போனாலும் இன்னொண்ணு வந்துடும்னு தோணுது." பட்டனை அவள் பக்கம் திருப்பினார். "உன்னுது மாதிரியே இல்ல?"

வலப்பக்கமாக ஐந்து சுற்று. அடியில் முடிச்சு.

காஜா அக்கா பட்டனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். எட்டு மாதம் தன்னிடம் மறைத்தவரிடம் இன்னொரு மறைப்பு எதற்கு? ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"ஆமாங்க. நல்லாத்தான் இருக்கு."

அவர் டம்ளரை இடது கையில் எடுத்து, அவள் எதிரிலேயே குடித்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் அவர் குளிக்கப் போயிருந்தார். இஸ்திரி மேசைமேல், இன்றைக்கும் போட அவர் எடுத்துவைத்த நேற்றைய சட்டை விரிந்து கிடந்தது. இரண்டாவது பட்டன் தொளதொளவென்று, ஒரே இடத்தில் நாலு குத்தோடு, எதிர்ப்பக்கச் சுற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது. காஜா அக்கா தையல் பிரிக்கிற கத்தியைக் கையில் எடுத்தாள். அப்படியே நின்றாள்.

பிரித்துத் தன் கையால் தைத்தால் அது ஏமாற்று. இதுவரைக்கும் செய்ததை ஏமாற்று என்று சொல்ல முடியாது, தெரியாமல் செய்தது. இனிமேல் தெரிந்து செய்வது. அப்படியே விட்டால் பத்து மணிக்குள் பட்டன் விழும். விழுந்தால் அவருடைய தெம்பும் விழும். பொய் சொன்னாரே என்று இத்தனை நாள் அவர்மேல் ஆத்திரப்பட்டவள் இவள். இப்போது தன் முறை வந்ததும் எது சரி, எது தப்பு என்று சுத்தமாக விளங்கவில்லை. குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதிக நேரம் இல்லை.

கத்தியைக் கீழே வைத்தாள். ஊசியில் நீல நூலைக் கோத்தாள். ஊசியை இடது கைக்கு மாற்றினாள். இருபத்தைந்து வருடத்தில் முதல்முறை. அந்தக் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவர் போட்ட நாலு குத்தையும் தொடாமல், அதன் மேலேயே, அவர் சுற்றிய அதே எதிர்ப்பக்கமாகத் தட்டுத்தடுமாறிச் சுற்றினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் விரலில் குத்திக்கொண்டாள். நாலோடு நிறுத்தி முடிச்சிட்டாள். சுமாராகத்தான் வந்தது. ஆனால் விழாது.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். சட்டையை மாட்டி, இடது கையால் ஒவ்வொரு பட்டனாகப் போட்டார். நேரம் பிடித்தது. உதவிக்குப் போகாமல் நிற்க அவள் பெரும்பாடு பட்டாள். இரண்டாவது பட்டனை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"பாத்தியா, நேத்து தைச்சதுகூடக் கெட்டியா ஆயிடுச்சு" என்றார்.

அவள் இடது கையை மடக்கி, குத்துப்பட்ட விரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"பாத்தேன்" என்றாள்.